சிங்கத்தின் வயிற்றில் புகுந்த காற்று

நான் வாய் திறப்பதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட அவைத் தலைவி, வழக்கறிஞர் ரவுதா அவர்களே! எங்களை மைதானம் முழுக்க ஓட விரட்டிவிட்டு, இன்று இந்த மேடையின் மூன்று படி ஏற இரண்டு பேர் தோளைத் தேடிய உடற்பயிற்சி ஆசிரியர் பெஷீர் அவர்களே! சாப்பாடு எப்போது என்று கண்ணாலேயே கேட்கும் சான்றோர்களே! எங்களையும் பெற்று, எங்கள் மதிப்பெண் பட்டியலையும் பொறுத்துக்கொண்ட தாய்மார்களே! இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே க்சார் ஹிலால் பள்ளியில், இலக்கியப் பிரிவின் கடைசி வகுப்பில் என்னோடு சேர்ந்து தூங்கிய தோழர்களே, தோழியரே! எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று கதவோரமாகவே உட்கார்ந்திருக்கும் என் நண்பன் மோன்ஜி அவர்களே! அனைவருக்கும் இந்த ஹாத்திமின் பணிவான ஸலாம்.

நினைத்துப் பார்க்கிறேன், நண்பர்களே! நெருக்கியடித்து, ஒரு பெஞ்சில் நால்வர் அமர்ந்து, நாலாமவன் பாதி காற்றில் அமர்ந்த அந்தப் பழைய பள்ளியை நினைத்துப் பார்க்கிறேன். நம் கடைசி ஆண்டில்தானே நமக்குப் புதுக் கட்டடம் வந்தது? மூன்று மாடி! முப்பத்தாறு அறை! பளபளக்கும் படிக்கட்டு, பசைபோல் ஒட்டும் பச்சைப் பெயின்ட்! வளாகம் விரிந்தது, வழி மறந்தது. தத்துவ ஆசிரியர் அறை மாறிப் போய், ஒரு மணி நேரம் மரணத்தைப் பற்றிப் பேசினார். விலங்கியல் வகுப்புப் பிள்ளைகள் தவளைப் படத்துக்குக் கீழே அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். என்ன அங்கே சிரிப்பு? எழுதியவர்களில் ஒருவர் இன்று கால்நடை மருத்துவர், முன்வரிசையில்தான் இருக்கிறார்!

புதுக் கட்டடம் வந்தால் எது வரவேண்டும்? புதுப் பெருமை வரவேண்டாமா? விளையாட்டுத் தேர்வு நாளன்று கடைசி வகுப்பார் மொட்டை மாடியிலிருந்து ஓவியத் துணியை இறக்கி, தாரை தப்பட்டையோடு உள்ளே நுழையும் நம் தக்லா வரவேண்டாமா? கணிதப் பிரிவுக்காரர்கள் கழுகு வரைகிறார்கள் என்று காதில் விழுந்தது. விடுவோமா? சிங்கம் என்றோம்! சீறும் சிங்கம், சிலிர்த்த பிடரி, பதினான்கு மீட்டர் உயரம்!

வரைந்தவர் பலர். தைத்தவன் ஒருவன். மோன்ஜி! ஊரில் இருந்த ஆலைகளின் வெட்டுத்துணியெல்லாம் பொறுக்கி, விரல் புண்ணாக ஒரு மாதம் தைத்தான். புதுக் கட்டடத்தின் நடுவே திறந்த நடைவழி. கடற்காற்று அதன் வழியாகத்தான் பாயும். அதை அவன் ஒருவன்தான் கவனித்தான். துணியில் நாற்பது இடத்தில் பிறை வடிவில் கீறிவிட்டான், காற்று வெளியே போக.

அந்த நாளும் வந்தது. தாரை முழங்கியது, தாய்மார் குலவையிட்டார்கள், துணி இறங்கியது. ஆகா, சிங்கம்! ஒரு நொடி சிங்கம். அப்புறம் காற்று வந்தது. சிங்கத்தின் வயிறு உப்பியது. மேலும் உப்பியது. நிறைமாதமாகியது! கணிதப் பிரிவிலிருந்து ஒரு குரல்: "டேய், தண்ணி சுட வைங்கடா, வலி எடுத்துருச்சு!" பெஷீர் ஐயா ஊதலை விழுங்கப் பார்த்தார். ஃப்ரிக்காஸே ரொட்டி விற்றவர் ஹரிஸா மிளகாய் விழுதுக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

கிழித்து வைத்த ஓட்டை எங்கே என்று யாராவது கேட்டோமா? கேட்கவில்லை. "ஓட்டை போட மறந்துட்டான்டா மோன்ஜி" என்றோம். அன்று வைத்த பெயர்: மருத்துவச்சி. அவன் கல்யாணத்தில் அந்தப் பெயர். அவன் திரைச்சீலைக் கடை வாசலில் அந்தப் பெயர். போன மாதம், இந்தப் புது அரங்கத்துக்குத் திரை தைக்க யாரை அழைக்கலாம் என்று குழு கூடியபோது, நம் தலைவி என்ன சொன்னார்? "ஐயோ, மோன்ஜி வேணாம்பா. திரை குட்டி போட்டுரும்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை பக்கத்து ஊர் மொக்னின் கடைக்குப் போனது. மறுநாள் அவன் மகள் இனெஸ் இதே பள்ளியிலிருந்து அழுதுகொண்டு போனாள். "மருத்துவச்சி மகளே" என்றார்களாம்.

அன்பர்களே, அந்த ஓட்டைகளை அடைத்தவன் நான்!

ஆம், நான்தான்! தக்லாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எல்லோரும் குஸ்குஸ் சாப்பிடப் போன நேரம், மொட்டை மாடிக்குப் போனேன். நாற்பது ஓட்டையோடு சிங்கம் அம்மை வந்ததுபோல் இருந்தது. அழகு போதவில்லையாம் எனக்கு! நாடா ஒட்டி நாற்பதையும் அடைத்தேன். இருபத்தைந்து ஆண்டு வாயையும் அடைத்துக்கொண்டேன். தைத்தவனைத் தூற்றினோம், கெடுத்தவனை மேடையேற்றி மாலை போட்டிருக்கிறீர்கள். இது நியாயமா? இந்த மாலை எனக்குத் தகுமா? இனி அந்தப் பெயர் என்னுடையது. அரங்கத்தின் திரை மோன்ஜியுடையது. தலைவி அவர்களே, தலையாட்டுங்கள். ஆட்டிவிட்டார்! அவையோர் சாட்சி!

மோன்ஜி, மன்னித்துவிடு. என்னடா எழுந்து நிற்கிறாய்? போகாதே! என்ன சொல்கிறாய்? பின்னால் இருந்து பேசுவது முன்வரிசைக்குக் கேட்கவில்லையாம். சொல், நான் ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்கிறேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டா" என்கிறான். "எல்லாம் முடிஞ்சு துணிய மடிக்கும்போதே நாடாவ பாத்தேன்" என்கிறான். பிறகு ஏன்டா சொல்லவில்லை? "மாடிச் சாவி வாட்ச்மேன் கையில மட்டும்தானே இருந்துச்சு? நான் வாயத் தொறந்திருந்தா..."

பொறுங்கள். கொஞ்சம் தண்ணீர்.

"நான் வாயத் தொறந்திருந்தா உங்கப்பா வேலை போயிருக்கும்டா" என்கிறான்.

தோழர்களே, என் தந்தை ஷத்லி இந்தப் பள்ளிக் காவலாளியாகவே பணி ஓய்வு பெற்றார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். எனக்கு இன்னும் இரண்டு பக்கம் பேச்சு எழுதிக் கையில் இருக்கிறது. வேண்டாம். மோன்ஜி, மேலே வா. இந்த மாலையைக் கழற்றுகிறேன், கழுத்தைக் கொடு. தாய்மார்களே, அன்று பாதியில் நின்ற குலவையை இப்போது முழுசாக இடுங்கள்! இவனுக்கு நன்றி, உங்களுக்கு நன்றி, அனைவருக்கும் என் ஸலாம்.