மூன்றாம் மாடிக் கதவை நிறுத்தி வைத்த எங்கள் அக்காவுக்கு

கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டு எங்களைக் கரைசேர்த்த கனிவே! கோபத்திலும் குரல் உயர்த்தாத குணமே! எங்கள் அக்கா அவர்களே, வணக்கம்!

இருபத்தாறு வருடங்கள். லிஃப்ட் ஓட்டும் மென்பொருள் ஒன்று, கட்டடங்கள் அறுபத்தொன்று, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசை. எது எல்லோருக்கும் கட்டாயம், எது விரும்பியவர்களுக்கு மட்டும், எது இருந்தால் எது கூடாது என்று சுவர் நீளத்துக்குக் கிளை பிரியும் மரப்படமாக வரைந்து வைத்தவர் நீங்கள். விற்பனைத் தம்பி "சின்ன மாத்தம்தான்க்கா" என்று வாயெடுத்தாலே, "எல்லாருக்குமா, இவங்களுக்கு மட்டுமா?" என்பீர்கள். டீ சொல்லும்போது, "அக்கா, சர்க்கரை கட்டாயமா, விருப்பமா?" என்று கிண்டல் செய்வோம். "மாத்திரை இருந்தா சர்க்கரை கூடாது. மரத்துல சேத்துக்கோ" என்று எங்களையே மடக்குவீர்கள்.

போன வருடம் ஒரு கட்டடத்திலிருந்து புகார் வந்தது. அந்தக் கட்டடத்தில் கீழே அலுவலகங்கள், மூன்றாம் மாடியில் டயாலிசிஸ் மையம். நம் மரத்தில் 'அலுவலகம் அல்லது மருத்துவமனை, ஏதாவது ஒன்று' என்றுதான் இருந்தது. அலுவலகம் என்று தேர்ந்தெடுத்திருந்தோம். அதனால் கதவு மூன்றே நொடியில் மூடிக்கொள்ளும். சிகிச்சை முடிந்து தள்ளாடி வந்த பெரியவர் ஒருவரைக் கதவு இரண்டு முறை தோளில் தட்டிவிட்டது. பயந்துபோய், அடுத்த தடவை வரும்போது படியில் ஏறிப் பார்த்தார். முடியவில்லை. ஒரு முறை சிகிச்சைக்கே வராமல் இருந்துவிட்டார். அவர் உடம்பு அதைத் தாங்காது.

அன்றே அந்தக் கதவின் நேரத்தைக் கூட்டிவிட்டீர்கள். "அதான் சரியாயிடுச்சே, விட்டுடுங்கம்மா" என்றார் மேலதிகாரி. "மரத்துல அந்தக் கோடு நான் போட்டதுங்க சார். கட்டடத்துக்கு என்ன வேணும்னு கேட்டுட்டேன், ஒவ்வொரு மாடிக்கும் கேட்டிருக்கணும். இன்னும் எத்தன பேரு படியில நிக்கிறாங்களோ" என்றீர்கள். மூன்று வாரம் அறுபத்தொரு கட்டடத்தையும் மாடி மாடியாகப் பார்த்தோம். இன்னும் நான்கு இடங்கள் அகப்பட்டன. மரத்தையே திருத்தினீர்கள். மென்பொருளின் புது வெளியீடு தள்ளிப்போனதற்கான திட்டையும் தனியாளாக வாங்கிக்கொண்டீர்கள்.

பிறகு ஒருநாள் அந்த மூன்றாம் மாடிக்குப் போனோம். பெரியவர் சுவரைப் பிடித்தபடி வந்தார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார். கதவு திறந்தே இருந்தது. ஏறியதும், லிஃப்டுக்குள் நின்ற உங்களைப் பார்த்து, "இப்பல்லாம் நல்ல பிள்ளையா நிக்குதும்மா" என்றார். "ஆமாங்கய்யா" என்றீர்கள். அவ்வளவுதான். நீங்கள் யார் என்று சொல்லவே இல்லை.

அதனால் நீங்கள் பணி ஓய்வு பெறும் இன்று, உங்கள் வீட்டார் முன்னிலையில், நாங்கள் சொல்கிறோம்: அந்தக் கதவை நிற்க வைத்தது நீங்கள்தான் அக்கா.

நோய்நொடி அண்டாமல், மனம் நிறைந்து, நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும்!

இப்படிக்கு,
உங்கள் கேள்விகளுக்குப் பழகிப்போன
தேவை கேட்டறியும் பிரிவு, சோதனைப் பிரிவுத் தம்பி தங்கைகள்