பன்னிரண்டாம் கடை ஜாடிகள்

— "மார்ச் 9, ஞாயிறு, காலை 7.40. பழம்பொருள் சந்தை, நாலாவது வரிசை, பன்னிரண்டாம் கடை. நீலக் கண்ணாடிப் பூஜாடி, ஒன்று. விளிம்பில் சிறு உடைசல்." அப்பா... இது என்ன, ஜாடிக்குப் பிறப்புச் சான்றிதழா?

— சீட்டும்மா. எல்லாத்துக்கும் அடியில ஒட்டியிருக்கேன். பாத்து எடு, நழுவிடப் போகுது.

— முப்பது வருஷம் வீடு வீடாப் போய் கரண்டு மீட்டர் பாத்த கை. ரிட்டயர் ஆனாலும் சும்மா இருக்காது போல.

— எப்ப, எங்கன்னு எழுதலேன்னா அது கணக்குலயே வராது. நீ அலமாரியப் பாரு. மட்டம் சரியா இருக்கா?

— ரசமட்டம் நடுவுல நிக்குது. ஊரெல்லாம் அலமாரி மாட்டறவ, அப்பா வீட்டுல கோணலா மாட்டுவேனா?

— நான் சொன்னத விட நீளமா இருக்கே...

— சுவரு நீளம்ப்பா. அலமாரி மேல சுத்தியிருக்கற காகிதத்தப் பிரிக்காதீங்க. வார்னிஷ் இன்னும் காயல. ஜாடியெல்லாம் இப்படி வரிசையா தரையில வைங்க, நான் தொடைச்சுக் குடுக்கறேன்.

— ஈரத்துணி வேணாம். சீட்டு நனைஞ்சிடும்.

— சீட்டுதான் முக்கியம், ஜாடி அப்புறம்தான். இதப் பாருங்க... "மே 4, ஞாயிறு. கொக்கு வரைந்த வெள்ளை ஜாடி, ஒன்று. கழுத்தில் விரிசல். கடைக்காரருக்கு இருமல்." ஜாடிக்கும் இருமலுக்கும் என்னப்பா சம்பந்தம்?

— பாத்தத எழுதினேன்.

— மே 11. "சிவப்பு மண் ஜாடி, ஒன்று. அடியில் கீறல். இருமல் குறைந்திருக்கிறது."

— அதான் குறைஞ்சிடுச்சுல்ல. அடுத்தத எடு.

— மே 18. "மழை. குடை பிடித்தேன்." இதுல ஜாடியே இல்லையேப்பா.

— ஜாடி உன் கையிலதானம்மா இருக்கு.

— அதுவும் சரிதான்.

— சிரிக்காத. வாயில ஆணி வச்சிருக்க.

— சரி, தோட்டத்துக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை டேலியா செடியில ஒரு பூ குறையுதே, அது எங்க போகுது?

— யாரு சொன்னா உனக்கு?

— காம்பு சொல்லுது. நல்லா சாய்வா, கத்திரி வச்சு வெட்டியிருக்கு. ஆனா பதினேழு ஜாடி இருக்கற வீட்டுக்குள்ள மருந்துக்குக்கூட ஒரு பூ இல்ல.

— வாய் அளவு பாக்க எடுத்துட்டுப் போறேன். பூ நிக்குதான்னு பாத்துதான ஜாடி வாங்கணும்?

— நின்னப்புறம்?

— நின்னப்புறம் என்ன?

— பூ வீட்டுக்குத் திரும்பி வரணும்ல.

— பையில வச்சா கசங்கிடும்... அங்கயே விட்டுட்டு வந்துடுவேன்.

— பதினேழு வாரமும்?

— வெயில் காலம்மா.

— மே 18 மழைன்னு எழுதியிருக்கீங்க.

— வேலையப் பாரு நீ. சுண்ணாம்பு உதிருது.

— பாக்கறேன், பாக்கறேன். ஆனா ஒண்ணு உறுத்துதுப்பா. இந்தக் கொக்கு வலது பக்கம் பாத்துட்டு நிக்குது. இதோட ஜோடி இடது பக்கம் பாத்துட்டு நிக்கணும். இந்த நீல ஜாடியும் ஜோடியா வர்றதுதான். இந்தப் பித்தளையும்தான். உங்ககிட்ட இருக்கறது மொத்தமும் பாதி.

— ஒண்ணுதான் இருந்துச்சு.

— எல்லாத்துலயும் ஒண்ணுதானா?

— சீட்டுல எழுதியிருக்கேன் பாரு. ஒன்றுன்னு.

— அம்மா இருந்தப்ப ஒரு டம்ளர் வாங்கப் போனாக்கூட ஆறா வாங்கிட்டு வருவீங்க.

— அவ எதையும் ஒத்தையா வாங்க விட மாட்டா... அம்மா படத்த நகர்த்தணுமா?

— வேணாம். ஒரு சாண் தள்ளியே அலமாரி நின்னுடும். அந்தப் பக்கம் ஆணியே அடிக்கப் போறதில்ல.

— நல்லது. நானே சொல்லணும்னு இருந்தேன்.

— பெயின்ட் வெண்ணெய் மஞ்சள்தான? முடிவா சொல்லுங்க. நாளைக்கழிச்சு ஆள் வருது.

— மஞ்சள்தான். நீல ஜாடிக்கு மஞ்சச் சுவரு எடுப்பா இருக்குமாம்.

— இருக்குமாமா? யாரு சொன்னது?

— பொதுவா ஒரு பேச்சு.

— இருபது வருஷமா என்ன பெயின்ட்னு கேட்டா, 'சுவத்து நிறம்'னு சொல்லிட்டு இருந்தவரு நீங்க.

— அம்மாடி... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— இருங்க, இந்த ஒரு ஓட்டை... ம், சொல்லுங்க.

— அந்தக் கடை இருக்குல்ல, பன்னிரண்டாம் கடை. அந்தக் கடைக்கார...

— இன்னும் ஒண்ணே ஒண்ணு.

— டிரில்ல கீழ வைம்மா. காலையிலேர்ந்து நான் வாயத் திறக்கறப்பெல்லாம் ஓட்டை போடற.

— வச்சாச்சு. சொல்லுங்க.

— அந்தக் கடைக்காரம்மா...

— இருமல் கடைக்காரரா?

— அவங்கதான். பள்ளிக்கூடத்துல லைப்ரரி பாத்துட்டு இருந்தவங்க. வீட்டுக்காரர் தவறி ஒம்பது வருஷம். புள்ளைங்க இல்ல. ஒரு சாமானுல குறை இருந்தா நம்ம விரலப் புடிச்சு... இல்ல, அவங்க விரல வச்சு, இங்க விரிசல் இருக்கு பாத்துக்குங்கன்னு காட்டிட்டுதான் குடுப்பாங்க. அப்படி வியாபாரம் பண்ற ஆளை நான் பாத்ததே இல்ல.

— ம்.

— ஜோடி இருந்துச்சும்மா. எல்லாத்துக்கும். முதல் வாரம் நீல ஜாடி ரெண்டையும் எடுத்துக் குடுத்தாங்க. ஒண்ணு போதும், இன்னொண்ண அடுத்த வாரம் வாங்கிக்கறேன்னுட்டேன். அடுத்த வாரம் போனா கை வேற ஒண்ணுமேல போயிடுச்சு. அதுலயும் ஒண்ணு. பாக்கி ஏதாவது இருந்தாத்தான திரும்பப் போக முடியும்?

— அப்ப பாக்கி பதினேழு.

— அதெல்லாம் இந்நேரம் யாராவது வாங்கிட்டுப் போயிருப்பாங்க. மேசை மேல ஒண்ணையும் காணோம். நான் கேக்கல. கேட்டு, போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்கன்னா?

— வேற என்ன கேட்டீங்க?

— போன ஞாயித்துக்கிழமை... இனிமே நம்ம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்னன்னு கேட்டுட்டேன்.

— சீட்டுல அதக் காணோமே.

— எழுதக் கை வரல.

— அவங்க என்ன சொன்னாங்க?

— 'முதல்ல உங்க பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாங்க'ன்னாங்க. நாளைக்கு ஞாயிறு. ஆறு நாளா சொல்லணும் சொல்லணும்னு... உங்க அம்மா போயி ஆறு வருஷம் ஆச்சு. நீ என்ன நினைச்சுக்குவியோ... உனக்கு வேணாம்னா விட்டுடறேம்மா. சந்தைப் பக்கமே போகல. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்.

— அந்த ஸ்க்ரூ டிரைவரக் குடுங்க.

— ஏதாவது சொல்லேன்.

— அந்தக் காகிதத்தப் பிரிங்க.

— நான் என்ன பேசிட்டிருக்கேன், நீ என்னடான்னா...

— பிரிங்கப்பா. வார்னிஷ் நேத்தே காஞ்சாச்சு.

— கிழிஞ்சிடுச்சு... பரவால்லயா? அட, கட்டம் கட்டமா... அழகா இருக்கும்மா. ஆனா... இரு. மேல பதினேழு. கீழ... கீழயும் பதினேழு வருது. நான் பதினேழுன்னுதான சொன்னேன்?

— மறுபடி எண்ணுங்க.

— முப்பத்தி நாலுதான். மீட்டர் பாத்த கண்ணு, தப்பாது. அளவு மாத்தி எழுதிட்டியா?

— இல்ல. ரெண்டு வாரம் முன்னாடி அளவெடுக்க வந்தப்பவே உங்க சீட்டெல்லாம் படிச்சிட்டேன். வரிசை, கடை நம்பர் எல்லாம் எழுதி ஒட்டி வச்சா, யாரு வேணா தேடிட்டுப் போகலாம்ப்பா.

— போனியா?

— போனேன். போன ஞாயித்துக்கிழமை, நீங்க அங்கேர்ந்து கிளம்பினப்புறம். யாருன்னு சொல்லாமதான் நின்னேன். உங்க மூக்கு எனக்கும் இருக்கே, அத வச்சே கண்டுபிடிச்சிட்டாங்க.

— என்ன கேட்டாங்க?

— அலமாரி எங்க மாட்டப் போறேன்னு கேட்டாங்க. சொன்னேன். அம்மா படத்துக்கு ஒரு சாண் விட்டுடுன்னாங்க. நீங்க கேட்டத அவங்க ஒரு வார்த்தை மூச்சு விடல. எனக்கே புரிஞ்சிடுச்சு, ஆனா அது உங்க வாயால வரணும்னு நானும் ஒரு வாரமா காத்துட்டு இருக்கேன்.

— அப்புறம் ஏன்டி டிரில்ல வச்சு...

— நான் அழுதுடக் கூடாதுன்னுதான். அலமாரியோட பக்கவாட்டுல பாருங்க. நானும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன்.

— கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன்... நீயே படி.

— "ஜூன் 29, ஞாயிறு, காலை 10.30. பழம்பொருள் சந்தை, நாலாவது வரிசை, பன்னிரண்டாம் கடை. மேசை மேல் டேலியா, ஒன்று. மேசைக்கு அடியில் மரப்பெட்டி, ஒன்று. உள்ளே துணியில் சுற்றிய ஜாடி, பதினேழு. இடது பக்கம் பார்க்கும் கொக்கு இருக்கிறது. விலை கேட்டேன். விற்பதற்கு இல்லை என்றார்."