துடியலூர் பஸ்ஸில் ஒரு பட்டுச்சேலைப் படம்

"...அந்தப் பட்டுச்சேலைப் பொண்ணு பத்திரிகைப் பக்கத்துக்கு வெளிய பாத்துட்டு நின்னாளுங்க்கா. கம்ப்யூட்டர்ல பேஜ்மேக்கர் போட்டுப் படத்தை இடம் வலமாத் திருப்பிப்போட்டேன். இப்ப என்ன அழகா இருக்குது பாருங்க."

எனக்கு முன் சீட்டில் சுடிதார் போட்ட பெண், பத்திரிகையில் வரப்போகும் பக்கத்தின் பிரிண்டைத் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தனக்குத் தெரிந்த அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா படத்தைப் பார்த்தார், தன் தோளையும் பார்த்தார். "எல்லாஞ் சரி கண்ணு. இவ மட்டும் ஏன் முந்தானையை வலது தோள்ல போட்டிருக்கறா?"

"ஐயோ, திருப்புனதுல தோளும் மாறிப்போச்சுங்க்கா."

"அச்சுக்குப் போயிருச்சா?"

"மத்தியானந்தானுங்க போகுது."

"அப்பறம் இங்க எதுக்கு உக்காந்துட்டிருக்கற?"

"ஏனுங்க கண்டக்டர், நிறுத்துங்க, முந்தானையை மாத்தோணும்."

பஸ்ஸே அவள் சுடிதாரைப் பார்த்தது. அவள் சிரித்துக்கொண்டே இறங்கி, வந்த வழியே ஓடினாள்.