கிளெண்டா அம்மையாரின் மேசைத் தொலைபேசி

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் வாரன் அவர்களே, நீர்வாரிய நண்பர்களே! இந்த அகாலத்தில் எழுதி அனுப்புவதற்குப் பொறுத்தருள வேண்டும். மகனுக்குக் காய்ச்சல், தோளிலிருந்து இறக்கினால் அழுகிறான். இரங்கல் கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. என் சொற்களை, என்னைப் போலவே ஸ்பானிஷ் பேசும் நம் பொறியாளர் நெரெய்டா வாசிப்பாள்.

முதுநிலைப் பொறியாளர் கிளெண்டா ஹாஃப்ஸ்டெட்டர் அம்மையார் மறைந்துவிட்டார்! எதைச் சொல்லிப் புகழ்வேன்? அவர் பதித்த குழாய்களைச் சொல்லவா, எழுப்பிய நீர்த்தொட்டிகளைச் சொல்லவா? நான் ஒரு தொலைபேசியைச் சொல்கிறேன்.

நினைவிருக்கிறதா? தெற்குத் தெருக்களிலிருந்து யார் அழைத்தாலும், "அராசெலி, ஓடி வாம்மா! ஸ்பானிஷ்ல யாரோ கத்துறாங்க" என்பீர்கள். நானும் பொறியாளர்தான். வரைபடத்தைப் போட்டது போட்டபடி ஓடி வருவேன். இயக்குநர் அவர்களே, ஆண்டு முடிவில் என் மதிப்பீட்டில் எழுதினீர்கள்: வேகம் போதாது. பதவி உயர்வு இல்லை.

அன்று எழுந்து நின்றவர் யார்? கிளெண்டா அம்மையார்!

"வேகத்துக்கு என்ன குறைச்சல் வாரன்? நாம அவளை நாற்காலியில உக்கார விட்டோமா? இனி அந்த ஃபோனை நான் எடுக்கறேன்."

"உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதே, கிளெண்டா?"

"உனக்கும்தான் தெரியாது. நான் கத்துக்கறேன்."

கற்றார்! அறுபது வயதுக்கு மேல், மாலை வகுப்புக்குப் போய்க் கற்றார்! ஒருமுறை மறுமுனையில் ஒரு பெண் சிரித்தே விட்டாள்: "என்னங்கம்மா, குழந்தை மாதிரி பேசுறீங்க?"

"குழந்தைதான் சென்யோரா, பல்லு விழுந்த குழந்தை. எந்தத் தெருவுல குழாய் வெடிச்சுது, அதைச் சொல்லுங்க."

அந்த மழலையின் நிழலில் உட்கார்ந்து நான் வரைந்தேன். தெற்குப் பகுதி நீரேற்று நிலையத்தின் வரைபடம் என் பெயரில் உருவாகிறது. வரும் வெள்ளிக்கிழமை அதைத் தேர்வுக் குழு பார்க்கும். என் பதவி உயர்வு அதில்தான் இருக்கிறது. இன்னும் முடிக்கவில்லை.

அவர் போன மறுநாள் அந்தத் தொலைபேசி அடித்தது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அத்தனை பேர் நடுவில் அப்படித் தனியாக நான் என்றும் இருந்ததில்லை. எடுத்தேன். "தப்புத் தப்பாப் பேசுவாங்களே, அந்தம்மா இல்லையா?" என்று கேட்டார்கள். அவர் போய்விட்டார் என்று என் தாய்மொழியில் சொல்லிவிட்டு, எந்தத் தெரு என்று கேட்டேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இன்று உறுதி எடுப்பீர்கள். நானும் எடுக்கிறேன்: வரைபடத்தை முடிப்பேன்! ஆனால் திங்கள் காலை அந்தத் தொலைபேசி மீண்டும் அடிக்குமே, யார் எடுப்பீர்கள்? நெரெய்டாவைப் பார்க்காதீர்கள், அவளுக்கும் வரைபடம் இருக்கிறது.

ஒரே ஒரு பெயர் போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.