உள்ளிருந்து சோதித்தவர்

மணி இரவு பதினொன்று நாற்பது. ஹோட்டலின் பின்பக்கத்துக்குப் போகிற சாலை... ஒரு பக்கம் நீளமான மதில், மறுபக்கம் ஆள் உயரக் குப்பைத் தொட்டிகள். நாய்கூட இல்லை. ஒருவன் மட்டும் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடக்கிறான். ஒரு பெட்டிக்குச் சக்கரம் போய்விட்டது. கர்ர்ர்... டக். கர்ர்ர்... டக்.

விமான நிலையத்துக்கு வண்டி வரும் என்று காலேஜ் கையேட்டில் போட்டிருந்தது. வண்டியின் படமும் போட்டிருந்தது. படம் மட்டும்தான் வந்தது.

"வண்டி வராததுக்குப் பேய் என்னடா பண்ணும்?" என்றான் லாயர்.

"பேய் இன்னும் வரல. இது காலேஜ்."

இதை நான் சொன்ன இரவில் எங்கள் கேட்டரிங் காலேஜ் ஹாஸ்டலில் கரண்ட் இல்லை. ஒரு கட்டிலில் ஐந்து பேர். எதற்கும் குறுக்குக் கேள்வி போடுவதால்தான் லாயருக்கு லாயர் என்று பெயர். தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் ஒரு செல்போன் டார்ச். மறுநாள் காலை பத்து மணிக்குள் வெளிநாட்டு செமஸ்டருக்கான படிவத்தைக் கொடுக்க வேண்டும். எங்களில் முட்டை மட்டும் நிரப்பி, மடிக்காமல், தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். முட்டை என்று பெயர் வந்தது மார்க்கினால் அல்ல. தமிழ் எழுதினால் புள்ளி வைக்க மாட்டான். புள்ளிக்குப் பதில் சின்னதாக ஒரு வட்டம் போடுவான். எங்கள் அறைக் கதவில் ஒட்டியிருக்கிற 'தட்டிவிட்டு உள்ளே வரவும்' அவன் கைவண்ணம்தான்.

பெட்டி இழுத்தவன் என் ரூம்மேட்டின் பெரியம்மா மகன். எங்களுக்கு ஒரு வருடம் சீனியர். ரூம்மேட்டுக்கு அண்ணன் என்றால் எங்களுக்கும் அண்ணன். ரூம்மேட் இந்தக் கதையைச் சொல்ல மாட்டான். சுவரோரமாகச் சாய்ந்து, செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணனுக்குக் கொடுத்தது தரைக்குக் கீழே எட்டாம் எண் அறை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் படம் போட்ட காலண்டர். பெட்டியைக்கூடத் திறக்காமல் படுத்தான். கண் சொருகுகிற நேரம்...

டொக். டொக். டொக்.

நம் தட்டு. நமக்கெல்லாம் தூக்கத்திலும் வரும். நடுவிரலை மடக்கி மூன்று தட்டு, 'ஹவுஸ்கீப்பிங்' என்று ஒரு குரல், மனசுக்குள் பத்து எண்ணு, மறுபடி மூன்று. படபடவென்று தட்டினால் பிராக்டிகலில் மார்க் போச்சு. விருந்தாளி பயந்துவிடுவாராம்.

அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "நாளைக்கு வாங்க" என்றான்.

தட்டு நின்றது.

காலையில் பல் தேய்க்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் அதைத் தமிழில் சொல்லியிருந்தான். அந்த ஊரில் அது யாருக்குப் புரிந்தது?

சரி, வேலைக்கு வருவோம். 'சர்வதேசச் சமையல் அனுபவம்' என்று கையேட்டில் இருந்ததே, அது வெங்காயம். பன்னிரண்டு மணி நேரம் வெங்காயம். வெங்காயம் சர்வதேசமானதுதான், மறுக்கவில்லை. நடுநடுவே கோல்டு ரூமுக்கு ஓடி சாமான் எடுத்து வர வேண்டும். ஒரு படுக்கையறை அளவுக்கு ஃபிரீசர். மைனஸ் பதினெட்டு. இரும்புக் கதவு, கனத்தால் தானாகவே மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே வர, கதவின் உட்பக்கம் இருட்டிலும் ஒளிர்கிற ஒரு பச்சைக் குமிழ். தள்ளினால் கதவு திறக்கும்.

கதவு திறந்திருக்கும்போதே அண்ணன் தள்ளிப் பார்த்தான். குமிழ் கையோடு சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அங்கே எல்லோருக்கும் அது தெரியும். உள்ளே போகிறவர் ஒரு காலி உருளைக்கிழங்குப் பெட்டியைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுப் போவார். புதிதாக வருகிறவர்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. பெரிய செஃப் அந்தப் பெட்டியைப் பார்த்தால் காலால் ஓர் உதை விடுவார். குளிர் வீணாகிறதாம். குமிழைப் பற்றி மூன்று முறை புகார் எழுதியிருக்கிறார்கள். மூன்றும் அவர் மேஜையில், கோப்பை வைக்கிற இடத்தில் இருந்தன. வட்டமாகக் கறையோடு.

இரவில் தட்டு நிற்கவில்லை. தினமும் பதினொன்று நாற்பது. மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. நான்காம் நாள் அண்ணன் எழுந்து கதவைத் திறந்தான். வராந்தா காலி. ஒரு வாசனை மட்டும்... தைலம். தலைவலிக்கு நெற்றியில் தேய்ப்போமே, அந்தத் தைலம்.

எதிர் அறையில் பாத்திரம் கழுவுகிற ஆள் ஒருவர் இருந்தார். அவரும் விழித்திருந்தார். அண்ணனின் கதவைக் காட்டி, இல்லை என்று தலையாட்டினார். பிறகு அறைக்குள் வந்து, கட்டிலை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது சுவர். அந்தப் பக்கம் கோல்டு ரூம்.

அரைகுறை ஆங்கிலத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான். போன செமஸ்டர். ஒரு பெண், உங்கள் காலேஜ், எப்போதும் நெற்றியில் தைலம். ராத்திரி சரக்கு எண்ணுவதற்குத் தனியாக அனுப்பினார்கள். கதவில் பெட்டி வைக்கக் கூடாது என்று செஃப் சொல்லியிருந்தார். அவள் வைக்கவில்லை.

நம்ம காலேஜ் பிள்ளை, பாருங்கள். சொன்னதைச் செய்கிற பிள்ளை.

தட்டியிருக்கிறாள். எட்டு அறையிலும் கேட்டிருக்கிறது. ஆனால் மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று... ஹோட்டலில் அது எவன் காதில் விழும்? தலையணை உறை மாற்ற வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, எட்டு அறையிலும் அவரவர் மொழியில் 'நாளைக்கு வா' என்றிருக்கிறார்கள். அவரும் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவர் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவ்ளோ நேரம் ஆயிருக்கு, கத்தக்கூடவா தோணல?" என்றான் லாயர்.

"கத்துனா மார்க் போயிடும்ல." யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அண்ணன் நம் பிளேஸ்மென்ட் சாருக்குப் போன் போட்டான்.

"சார், போன பேட்ச்ல இங்க ஒரு அக்கா இருந்தாங்களாமே?"

"ஆமாப்பா. ஹெல்த் பிராப்ளம்னு பாதியிலேயே ஊருக்கு வந்துட்டாங்க."

"எப்படி சார் வந்தாங்க?"



"...ஃப்ளைட்லதாம்பா. தம்பி, நீ வேலைய மட்டும் பாரு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. அடுத்த பேட்சுக்கும் அங்கதான் சீட்டு கேட்ருக்கேன்."

விமானத்தில் வந்தார்களாம். உண்மைதான். உட்கார்ந்து வரவில்லை, அவ்வளவுதான்.

இப்படியே மாதங்கள் ஓடி, செமஸ்டர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. பெரிய செஃப் அண்ணனைக் கூப்பிட்டார். மேஜை மேல் இரண்டு விஷயங்கள். ஒன்று, அண்ணனின் மதிப்பீட்டுத் தாள். அதில் செஃப் கையெழுத்து விழாவிட்டால் அவனுக்கு ஒரு வருடம் போச்சு. இன்னொன்று, கோல்டு ரூம் கதவுக்கான பதிவேடு. இரண்டு வருடத்துக்கான தேதிகள் வரிசையாக அச்சிட்ட தடித்த புத்தகம். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே இரண்டு கட்டம். 'வெளியிலிருந்து சோதித்தவர்.' 'உள்ளிருந்து சோதித்தவர்.' வெளிக் கட்டத்தில் அன்றுவரை செஃபின் கையெழுத்து. உள் கட்டம் முழுக்கக் காலி. உள்ளே போய் நின்று, கதவை மூடச் சொல்லி, குமிழைத் தள்ளிப் பார்ப்பது டிரெய்னியின் வேலையாம். அப்படி ஒரு வேலை இருப்பதே எந்த டிரெய்னிக்கும் தெரியாது.

அந்தக் கட்டங்களை எல்லாம் அண்ணன் நிரப்ப வேண்டும். அந்தப் பெண் செத்த தேதி உட்பட. அந்தத் தேதியில் அண்ணன் இங்கே நம் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அதனால் என்ன. குமிழ் நன்றாக இருந்தது, அவளுக்குத்தான் தள்ளத் தெரியவில்லை என்று ஆகிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. அவளைத் தவிர.

"காலையில் கொண்டு வா" என்றார் செஃப்.

அன்று இரவு அண்ணன் வீட்டுக்குப் பேசினான். பெரியம்மா வழக்கம்போல, "சாப்ட்டியாடா?" என்று ஆரம்பித்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான்.

"கையெழுத்துதானேடா கேக்குறாங்க. போட்டுட்டு வந்து சேரு. படிப்பு வீணாப் போகுமே."

"அம்மா, நான் போட்டா அந்தப் புள்ள தானா செத்ததா ஆயிடும்."

பெரியம்மா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அவங்க அம்மா நம்பர் உங்கிட்ட இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப அவங்களக் கேக்காமப் போடாத."

பதினொன்று நாற்பது. டொக். டொக். டொக்.

அண்ணன் பதிவேட்டை எடுத்தான். பேனாவை வைத்துவிட்டு ஒரு பென்சிலை எடுத்தான். மைனஸ் பதினெட்டில் பேனா எழுதாது. வராந்தாவைச் சுற்றிப் போய்க் கோல்டு ரூம் முன்னால் நின்றான். மோட்டார் சத்தம் மட்டும்... ம்ம்ம்ம்ம். நடுவிரலை மடக்கி, வெளியிலிருந்து மூன்று தட்டு தட்டினான். பத்து எண்ண ஆரம்பித்தான். ஏழு எண்ணும்போது உள்ளேயிருந்து மூன்று தட்டு.

திறந்தான். பெட்டியை இடுக்கில் வைத்தான். உள்ளே யாரும் இல்லை. கதவின் உட்பக்கம் பூராவும் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. நெஞ்சு உயரத்தில் மட்டும் விரல்முட்டி அளவுக்கு ஓர் இடத்தில் பனி இல்லை. இரும்பு தெரிந்தது. அந்தக் குளிரில் எதற்கும் வாசனை இருக்காது. ஆனால் தைலம் வாசம் மூக்கில் ஏறியது.

ஐஸ்கிரீம் அட்டைகளின் மேல் பதிவேட்டை வைத்தான். பக்கத்தில் பென்சில்.

"அக்கா, உள்ள இருந்து பாத்தவங்கதான் இதுல எழுதணும்" என்றான். கதவை மூடிவிட்டு வந்து படுத்தான். அன்றைக்கு மறுபடி தட்டு கேட்கவில்லை.

காலை ஒன்பது மணி. அதிகாரி வந்தாயிற்று. செஃப் பதிவேட்டைக் கேட்டார்.

"உள்ளே இருக்கிறது, செஃப்."

கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே செஃப் கோல்டு ரூமுக்குப் போனார். அண்ணன் முன்னால் போய்க் கதவைத் திறந்து, மரியாதையாகப் பெட்டியை இடுக்கில் வைத்தான். செஃப் பழக்க தோஷத்தில் அதை ஓர் உதை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்.

கதவு மூடிக்கொண்டது.

முதலில் குமிழ் சுற்றுகிற சத்தம். பிறகு தடதடவென்று அடி. நம் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, காலேஜில் சொல்லிக் கொடுத்தபடி பத்து எண்ணினான். மெதுவாக. அதிகாரி அவனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டார். எட்டு எண்ணும்போது உள்ளே அடிக்கிற சத்தம் சட்டென்று நின்றது.

பத்து. திறந்தான்.

செஃப் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி நின்றார். அவர் நெற்றி பளபளவென்று இருந்தது. யாரோ பதமாக, இந்தப் பொட்டிலிருந்து அந்தப் பொட்டுவரை, தைலம் தேய்த்துவிட்டிருந்தார்கள்.

அதிகாரி பதிவேட்டைப் பிரித்தார். காலியாக இருந்த உள் கட்டங்களில் எழுத்து இருந்தது. பென்சிலில், தமிழில், அவள் செத்த தேதியிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரே வரி. அவருக்குப் புரியவில்லை. அண்ணன் வாசித்து ஆங்கிலத்தில் சொன்னான். 'மூன்று முறை தட்டினேன். கதவு திறக்கவில்லை.'

அப்புறம் என்ன... அவன்தான் எழுதினான் என்று முடிவு கட்டினார்கள். மதிப்பீட்டுத் தாளில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று போட்டு அனுப்பினார்கள். ஒரு வருடம் போச்சு. ஹோட்டலை ஒரு வாரம் மூடி, பிறகு திறந்தார்கள். புதுக் குமிழ் போட்டாயிற்று என்று நம் காலேஜுக்குக் கடிதம் வந்திருக்கிறது. சாரும் அசெம்பிளியில் பெருமையாக வாசித்தார். உள்ளிருந்து சோதித்தது யார் என்று அதில் இல்லை. இந்த வருடக் கையேட்டில் நான்காம் பக்கம் அதே ஹோட்டல், அதே வண்டிப் படம்.

"எல்லாம் உன் கப்சா" என்றான் முட்டை. தலையணைக்கு அடியில் இருந்த படிவத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். "ஆதாரம் காட்டு."

ரூம்மேட் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"அண்ணன் அந்தப் புக்கோட கடைசிப் பக்கங்கள போட்டோ எடுத்து வச்சிருக்கான். அவ எழுதுனது அன்னிக்கு வரைக்கும் இல்லடா. இன்னும் வராத தேதிக்கெல்லாம் எழுதிருக்கு. வர்ற ஜனவரி பதினாறோட அவ கையெழுத்து முடியுது."

"ஜனவரி நாமதானே போறோம்" என்றான் லாயர்.

"ம். பதினேழுலேர்ந்து வேற யாரோ எழுதிருக்காங்க."

செல்போனை முட்டையிடம் நீட்டினான். நாங்கள் எல்லோரும் குனிந்தோம். பதினாறாம் தேதிவரை ஒரு பெண்ணின் கோர்வையான எழுத்து. பதினேழாம் தேதியிலும் அதே வரிதான். 'மூன்று முறை தட்டினேன். கதவு திறக்கவில்லை.'

முட்டை இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். மறுபடி பெரிதாக்கினான்.

அந்த வரியில் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாம் சின்னச் சின்ன வட்டம்.