வார்னிஷ் அடித்த கார்கானோ

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவலாம், ஐயா. வார்னிஷ் அடிக்கக் கூடாது. உங்கள் மேஜையைச் சொல்லவில்லை, அது எதைத் தடவினாலும் தேறாது. நான் சொல்வது பழைய துப்பாக்கியின் கட்டையை.

எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் துப்பாக்கி செய்து பிழைத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரின் பிரசங்கத்தில் தூங்கிவிட்டு, சுடும் திடலில் வந்து விழித்துக்கொள்வோம். ராணுவம் வேண்டாம் என்று தள்ளிய பழைய இத்தாலியத் துப்பாக்கிகளை வாங்கிச் சேர்ப்பது, துடைப்பது, சுடுவது. இதுதான் எங்கள் சங்கத்தின் வேலை. நம் படை எதிரியிடம் சாதித்ததைவிட நாங்கள் காகிதத்திடம் அதிகம் சாதித்திருக்கிறோம்.

என்னிடம் இருந்ததில் அழகி அந்தக் கார்கானோ ரைஃபிள்தான். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரேஷியா நகரில் செய்தது. கட்டையில் தொழிற்சாலையின் வட்ட முத்திரை இருந்தது. அதன் பக்கத்தில் எவனோ ஒரு சிப்பாய் பதுங்குகுழியில் பொழுது போகாமல் கத்தியால் ஒரு கோவேறு கழுதையைச் செதுக்கியிருந்தான். அது அவன் மாமியாராகவும் இருக்கலாம், சாயல் அப்படி. குளிரில் விறைத்த கையோடு செதுக்கியிருப்பான். அந்தக் கோடுகளைத் தடவாமல் நான் ஒருநாளும் படுத்ததில்லை. மனைவி இருந்தவரை அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரெஸ்தே என் தங்கை மிலேனாவின் புருஷன். நல்ல மனிதன். அதுதான் அவனிடம் இருந்த கோளாறு. ஓய்வு பெற்றபின் பொழுது போகவில்லை என்றான், நான்தான் சங்கத்தில் சேர்த்துவிட்டேன். முதல் நாள் என் கார்கானோவை வாங்கி இலக்கின் நெஞ்சைக் குறிவைத்துச் சுட்டான். குண்டு தலைக்கு மேலே போய் மண்மேட்டில் புதைந்தது.

"என்ன மச்சான், உங்க துப்பாக்கி கொக்கு சுடப் பிறந்ததா?"

"தூரத்துல நிக்கிறவனுக்குன்னு வச்ச குறி மாப்பிள்ளை இது. இந்த நூறு மீட்டர்ல ரெண்டு சாண் மேல போகும். பெல்ட்டுக் கொக்கியப் பாத்து சுடு, நெஞ்சுல விழும்."

அடுத்த குண்டு நெஞ்சில் விழுந்தது. குழந்தை மாதிரி சிரித்தான். இது சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

போன மாதம் என் அறுபதாவது பிறந்தநாள். மிலேனா வீட்டில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி, பொலெந்தா என்ற மக்காச்சோளக் களி, ஒயின் எல்லாம் இருந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் ஒரெஸ்தே ஒரு போர்வையைக் கொண்டுவந்து பிரித்தான். என் கார்கானோ. மிலேனாவிடம் நான் கொடுத்துவைத்திருந்த மாற்றுச்சாவியை வாங்கி, எனக்குத் தெரியாமல் எடுத்துப்போயிருக்கிறான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று பூச்சு வார்னிஷ் அடித்திருந்தான். முத்திரை இல்லை. கழுதை இல்லை. கல்யாண வீட்டு அலமாரி மாதிரி பளபளத்தது.

"எப்படி மச்சான்? மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணிக்கலாம்! எவனோ கிறுக்கி வச்சிருந்தான், அதைத் தேய்ச்சு எடுக்கிறதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டுடுச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவனைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னேன். பொலெந்தாவை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். மனைவி செத்தபோதுகூட அவ்வளவு அழவில்லை. அவளை யாரும் தேய்த்து அழிக்கவில்லையே.

அடுத்த ஞாயிறு திடலில் சுடுவது நின்று, சிவப்புக் கொடி ஏறியது. எல்லோரும் தோட்டாவை எடுத்து, துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டுக் காபிக்குப் போனார்கள். ஒரெஸ்தே புதுக் காகிதம் ஒட்ட இலக்குக்குப் போனான். போனவன் திரும்பி நின்று கையை விரித்தான். "மச்சான், சுட்டுடாதீங்க, புதுச் சட்டை!" மலைப்படையில் இருந்த நாளில் வாங்கிய கழுகுக் கொக்கி பெல்ட்டு அவனிடம் உண்டு. அது வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நகரத்திலிருந்து வந்த நிபுணர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாராம்: விசை தேய்ந்த ஓட்டைத் துப்பாக்கி, தானாக வெடித்திருக்கிறது, உருக்கிவிட வேண்டும். என் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "அண்ணே, நீங்க வாயத் திறக்காதீங்க, போதும். ஜெயிலுக்குப் போக வேண்டாம், எப்பவும் வீட்டுச் சாப்பாடுதான்," என்றார். மிலேனாகூட அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "அந்தப் பாழாப்போன துப்பாக்கிதாண்ணே செஞ்சுது," என்றாள்.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. இரண்டு போரைப் பார்த்தது அது. தானாக வெடிக்க அது என்ன பட்டாசா? ஏற்கெனவே முகத்தை அழித்தாயிற்று, இப்போது பெயரையும் கெடுத்து உலையில் போடுவார்களாம். அதனால்தான் வக்கீலிடம் சொல்லாமல் நானே உங்கள் காவல் நிலையத்துக்கு நடந்து வந்தேன். விசையை இழுத்தது என் விரல். எழுதிக்கொண்டீர்களா?

நீங்கள் நல்லவர், ஐயா. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கதவையும் சாத்திவிட்டுக் கேட்கிறீர்கள்.

"ஜெர்வாசியோ, எங்க குறி வச்சீங்க?"

"பெல்ட்டுக் கொக்கியில."

"அப்போ நெஞ்சுல வைக்கல. கொல்லணும்னு நினைக்கல. பழைய துப்பாக்கி, குறி தப்பிடுச்சு. அப்படித்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குப் பல வருஷம் மிச்சமாகும்."

யோசித்துவிட்டேன். உங்கள் கருணைக்கு நன்றி. ஆனால் அது குறி தப்பவில்லை. பேனாவை எடுங்கள். கொக்கியைப் பார்த்துச் சுட்டேன், இதயத்தில் விழுந்தது. நூறு மீட்டரில் அது விழ வேண்டிய இடம் அதுதான். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதுங்கள்.

வார்னிஷைத் தவிர.