சட்டை பத்தாத பாலன்

அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். டீச்சர் ட்ரெயினிங்கில் ஒன்றாகப் படித்தவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அது கிறிஸ்துமஸ் மாதம். ஒருத்தி மடியில் குட்டிச் சட்டையை வைத்துத் தைத்துக்கொண்டே சொன்னாள்:

“சேசு பாலனுக்குப் போன வருஷச் சட்டை பத்தலடி. பெருத்துட்டாரு.”

நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“பொம்மை எப்புடிடி பெருக்கும்?”

“குடில்ல வைக்க நானே துணியில தைச்ச பாலன். இந்த மாசம் பூரா, வீட்டுல யாரு ஒரு நல்லது செஞ்சாலும் ஒரு சிட்டிகை இலவம்பஞ்சு உள்ள வைக்கலாம். தெனமும் பொழுது சாய முதுகுத் தையலைப் பிரிச்சு, வச்சதும் மூடித் தைச்சிருவேன்.”

“இதுக்குத்தான் வேலைய விட்டியா? ஸ்கூல்ல ஒன் எடம் காலியாத்தான் கெடக்கு. வந்துரு.”

“வீட்டுல எனக்கு வேலை ஓடிக்கிட்டிருக்குடி.”

“அம்புட்டுப் பெருக்க, ஒம் புள்ளைக அவ்வளவு நல்லதா செய்யுதுக?”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். குரல் இறங்கியது.

“புள்ளைக வச்சது கொஞ்சந்தான். எல்லாம் அவுக அப்பா வச்சது. குடிக்காம வீட்டுக்கு வந்த அன்னிக்கெல்லாம், ‘இன்னிக்கு நானும் வைக்கலாமா’ன்னு எங்கிட்ட வந்து நிக்கிறாக. போன வருஷம் பாலன் ஒட்டிப்போயில்ல கெடந்தாரு.”

 கூடப் படித்தவள் சட்டையை வாங்கி, விரித்துப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் விட்டுத் தைடி. கிறிஸ்துமஸுக்கு நாள் கெடக்குல்ல.”